மழைச் செய்தியும் மனசுக்குள் ஓடும் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது என்றாலே சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பலருக்குத் தூக்கம் கெட்டுவிடுகிறது. மழை வந்திருக்காது, ஆனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும், போன் கையை விட்டு இறங்காது. வெள்ளத்துக்கு எப்படித் தயாராவது என்பதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் வேறு விஷயத்தைப் பற்றியது. அந்தச் செய்திகள் நம் மனசை என்ன செய்கின்றன, அவற்றைக் கேட்டுவிட்டு நாம் உள்ளுக்குள் நமக்கே என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பதைப் பற்றியது. கேள்விகள் அக்கம்பக்கத்தவர்களும் வெளியூர்ச் சொந்தங்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை.

மழை ஆரம்பிக்கவே இல்லை. செய்தியைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களின் உடம்பு அதை லேசில் மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அந்த நினைவை மறுபடி கிளறிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பயமே வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

ஆனால் படபடப்பு எந்த வழியாக வருகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது." இது செய்தி. "போச்சு, இந்த வருஷமும் ஃப்ரிட்ஜ், பீரோ எல்லாம் போகப்போகுது." இது செய்தியில் இல்லை, நாம் சேர்த்தது. இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தோடு அவ்வளவு வேகமாக ஒட்டிக்கொள்வதால் டிவியே அதையும் சொன்னது போலத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவராக இருந்த ஆரோன் பெக், 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் இதைத்தான் கவனித்தார். ஒரு நிகழ்வுக்கும் அதனால் வரும் வேதனைக்கும் நடுவில், கேட்காமலே தானாக வந்து நிற்கும் எண்ணம் ஒன்று இருக்கிறது. பலருக்கு அப்படி ஒன்று வந்து போனதே தெரிவதில்லை. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று அந்தக் கவனிப்பு. மழைச் செய்தி விஷயத்தில் நாம் பிடிக்க வேண்டிய இடமும் அதுவே. புயலை நாம் நிறுத்த முடியாது, செய்தி வாசிப்பவரின் குரலையும் மாற்ற முடியாது. ஆனால் பின்னால் ஒட்டும் அந்த வாக்கியம் நம்முடையது.

டிவியில் பார்ப்பது நேரில் அனுபவிப்பதைவிட மோசமாக இருக்க முடியுமா?

முடியும் என்று காட்டிய ஆய்வு இருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்கு அடுத்த வாரங்களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 4,675 பேரிடம் விசாரித்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பிந்திய வாரத்தில் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அது தொடர்பான செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான கடும் மனஅழுத்த அறிகுறிகள் தெரிந்தன. ஏற்கெனவே கவலைப்படும் சுபாவம் உள்ளவர்கள்தானே அதிகம் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். குண்டுவெடிப்புக்கு முன்னால் அவர்களுடைய மனநலம் எப்படி இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

நம்மூர் நிலவரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2015 வெள்ளத்தில் மாட்டியவர்கள் பலருக்கு மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை, ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால். அவர்களுக்கு அந்த ராத்திரி ஒரு ராத்திரிதான். கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கோ அதே படகு, அதே மூழ்கிய கார், அதே அழுகை மணிக்கொரு தரம் வந்துகொண்டே இருந்தது. நேரில் பட்டவர்களின் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. உயிரும் வீடும் போனது அவர்களுக்குத்தான். பார்ப்பவர்களுக்கு நேரும் பாதிப்பும் நிஜம் என்பதைச் சொல்கிறேன்.

செய்தி சேனல்கள் வேண்டுமென்றே பயமுறுத்துகின்றனவா?

யாரோ உட்கார்ந்து சதி செய்வதாக நான் நினைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் மைக்கோடு நிற்கும் இளம் நிருபர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கேமரா எந்தத் தெருவில் நிற்கிறது என்று யோசியுங்கள். தண்ணீர் அதிகமாகத் தேங்கிய தெருவில்தான். பக்கத்துத் தெரு காய்ந்து கிடந்தால் அது செய்தி ஆகாது. நாள் முழுக்க அந்த ஒரு தெருவையே பார்த்தால் ஊரே அப்படித்தான் இருக்கிறது என்று மனசு முடிவு கட்டிவிடும்.

அமெரிக்காவில் தொலைக்காட்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னர் இதைத்தான் சொன்னார்: அதிக நேரம் பார்ப்பவர்களுக்கு உலகம் உள்ளதைவிட ஆபத்தானதாகத் தெரிகிறது. அவர் தொலைக்காட்சியின் வன்முறைக் காட்சிகளை வைத்துச் சொன்னது மழைக்கும் பொருந்துகிறது.

நாம் எதைச் சொடுக்குகிறோம் என்பதும் இதில் சேர்த்தி. அமெரிக்க இணையதளம் ஒன்றின் சுமார் 1,05,000 தலைப்புகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான கட்டுரை ஒன்று, சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறையான ஒரு சொல் கூடினால் அதைச் சொடுக்குபவர்கள் 2.3 சதவீதம் கூடுகிறார்கள் என்று கண்டது. ஒரு சொல்லுக்கு இவ்வளவுதான், ஆனால் லட்சக்கணக்கான பார்வைகளை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது பெரிய லாபம். யூடியூபில் "சென்னைக்கு மீண்டும் பேராபத்தா?" என்று கேள்விக்குறியோடு முடியும் தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்குறி அவர்களைக் காப்பாற்றிவிடும், பொய் சொன்னதாக யாரும் பிடிக்க முடியாது. நம் மனசு மட்டும் அதை முற்றுப்புள்ளியாகப் படித்துக்கொள்ளும்.

ரெட் அலர்ட் என்றாலே 2015 மாதிரி வரும் என்று அர்த்தமா?

கிடையாது. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்பதுதான் பொருள். மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் அதன் ஒவ்வொரு தெருவுக்கும் சிவப்பு என்று ஆகாது.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தது. வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. பயந்த அளவுக்கு அந்தத் தடவை மழை வரவில்லை. காரை ஏற்றியவர்களைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகப் படவில்லை. எச்சரிக்கை வந்தது, கையில் இருந்த ஒரு காரியத்தைச் செய்தார்கள், அவ்வளவுதான். காரை மேலே நிறுத்திவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கியவர் அந்தச் செய்தியைச் சரியாகப் பயன்படுத்தியவர். விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அந்த ராத்திரி வீணானது.

"செம்பரம்பாக்கம் திறப்பு" என்று படித்ததும் கை கால் ஓடுவதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். வடசென்னையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பயமுறுத்தும் செய்தி வேறு எதுவும் இல்லை.

முதலில் எண்ணைப் படியுங்கள். 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை வெளியேறியது. மற்ற ஆண்டுகளில் முன்னெச்சரிக்கையாக முதலில் திறப்பது சில நேரம் 100 கன அடியாகவும் இருக்கும். இரண்டுக்கும் தலைப்பு ஒன்றுதான். தலைப்பில் 'திறப்பு' கொட்டை எழுத்தில் இருக்கும், எண் உள்ளே எங்கோ மூன்றாவது பத்தியில் இருக்கும். இன்னொன்று, ஏரி முழுக்க நிரம்பும் வரை வைத்திருந்து கடைசியில் மொத்தமாகத் திறப்பதைவிட முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நமக்கு நல்லது. 24 அடி ஏரியில் 21, 22 அடியிலேயே சிறிதளவு திறந்தார்கள் என்றால் அது நாம் 2015-இல் ஆசைப்பட்ட விஷயம்.

அப்புறம், அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர்தானா என்று பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேருகிறது. அதற்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளுக்கு அந்த எண் முக்கியம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வெள்ளம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதால். வேளச்சேரி, மடிப்பாக்கம் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் ஒக்கியம் மடுவுக்கும் போய் வடிய வேண்டியது. ஆக, மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று நள்ளிரவில் பார்ப்பவர், தமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு எண்ணுக்காகத் தூக்கத்தைக் கொடுக்கிறார். முடிச்சூர்க்காரர் அதே எண் குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்தால் அது இன்னும் மோசம்.

உங்கள் தெருவுக்கு எந்த நீர் வருகிறது, எங்கே வடிகிறது என்று கோடை நாளில் ஒரு சாயங்காலம் நடந்துபோய்ப் பாருங்கள். தெருவில் 30 வருடமாக இருக்கும் பெரியவர் ஒருவரைக் கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் செய்தியில் முக்கால்வாசி தானாகவே உங்கள் காதை விட்டு விலகிவிடும்.

உள்ளுக்குள் பேசிக்கொள்வது என்கிறீர்கள். எனக்குள் அப்படி யாரும் பேசுவதாகத் தெரியவில்லையே?

வயிற்றில் ஒரு இறுக்கம் வந்ததும், அதற்கு ஒரு நொடி முன்னால் மனசில் என்ன ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியம் கிடைக்கும். "நமக்குன்னு பார்த்து இப்படி நடக்குது." "அப்பவே வீட்டை வித்துட்டுப் போயிருக்கணும், புத்தி இல்லை." "ஒரு ஆளும் வரமாட்டான்." சிலருக்கு வாக்கியமாக இல்லாமல் படமாக வரும், படி ஏறி வரும் கறுப்புத் தண்ணீர். அதுவும் பேச்சுதான்.

கிடைத்த வாக்கியத்தைக் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். மனசுக்குள் இருந்தபோது அது உண்மை போலத் தெரிந்தது. தாளில் பார்க்கும்போது "ஒரு ஆளும் வரமாட்டான்" என்பது 2015-க்கே பொருந்தாது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் கழுத்தளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தார்கள். மசூதிகளும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்து வைத்தன.

கவலைப்பட்டால்தானே தயாராக இருக்க முடியும்?

யோசிப்பதால் தயாராகலாம். அரைத்துக்கொண்டே இருப்பதால் முடியாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதில் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநிலை பற்றிக் கேள்வித்தாள் கொடுத்து இரண்டு வாரம் ஆனபோது, 1989 அக்டோபர் 17 அன்று லோமா ப்ரீட்டா நிலநடுக்கம் வந்தது. யாரும் திட்டமிட்டு அமைக்க முடியாத சூழ்நிலை. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். "எனக்கு ஏன் இப்படி இருக்கிறது" என்று தன் வேதனையையே சுற்றிச் சுற்றி நினைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு, நிலநடுக்கத்துக்குப் பிறகு மனச்சோர்வு அதிகமாக இருந்தது.

வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன். யோசனை ஒரு காரியத்தில் போய் முடியும்: பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் அலமாரியில் வைத்தேன், மாத்திரை ஒரு வாரத்துக்கு வாங்கினேன், இன்வெர்ட்டரை உயரத்தில் ஏற்றினேன். அரைப்பது எந்தக் காரியத்திலும் முடியாது, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வரும். இரண்டு தடவை அதே இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் எழுந்து ஒரு வேலையைச் செய்யுங்கள்.

"ஒன்றும் ஆகாது, எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று சொல்லிக்கொண்டால் போதாதா?

நம்ப முடிந்தவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நம்ப முடியாதவர்களுக்கு அது எதிர்மாறாக வேலை செய்யக்கூடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவன்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மனநிலை லேசாக உயர்ந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ முன்பைவிட மோசமானது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உள்ளே இன்னொரு குரல் "பொய்" என்று பதில் சொல்லும்.

2015-இல் வீட்டை இழந்தவரிடம் போய் "ஒன்றும் ஆகாது" என்பது அப்படிப்பட்ட வாக்கியம். ஆனதை அவர் பார்த்திருக்கிறாரே.

அப்படியென்றால் என்னதான் சொல்லிக்கொள்வது?

உண்மையாக இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று பேசும் வாக்கியத்தை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈத்தன் க்ராஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, பதற்றமான நேரத்தில் "நான் என்ன செய்வேன்" என்பதற்குப் பதில் தன் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ தன்னிடமே பேசிக்கொள்பவர்கள் நிலைமையைச் சற்றே நன்றாகச் சமாளிக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் எபோலா பீதி பரவியது. அந்த நாட்டில் நோய் கண்டறியப்பட்டவர்கள் மொத்தமே 4 பேர். செய்திகளோ இரவு பகலாக அதையே பேசின. பயப்பட வேண்டாம் என்பதற்கான காரணங்களைத் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும்படி க்ராஸ் குழுவினர் சிலரிடம் சொன்னபோது, அதிகம் பயந்திருந்தவர்களில் தன் பெயரைப் பயன்படுத்தி எழுதியவர்களுக்குத் தகவல் சார்ந்த காரணங்கள் அதிகம் தோன்றின, கவலையும் குறைந்தது.

நம் இலக்கியத்துக்கு இது பழக்கமான விஷயம். திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஒரு அதிகாரமே உண்டு. பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை எதிரில் நிறுத்தி "நெஞ்சே" என்று கூப்பிட்டுப் பேசுகிறாள், அதனிடமே மருந்து கேட்கிறாள், அதைக் கடிந்தும் கொள்கிறாள். சங்கப் பாடல்களில் பொருள் தேடப் போகும் தலைவன் பாலை வழியில் நின்று நெஞ்சோடு வாதாடுகிறான். தவிப்பவரும் தவிப்பைப் பார்ப்பவரும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை அந்தப் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

உங்கள் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். "செல்வி, உன் வீடு முதல் மாடி. 2015-இல் தண்ணீர் கீழ் வீட்டு ஜன்னல் வரைதான் வந்தது. மாமியாருக்கு மாத்திரை இருக்கு. வண்டியை ஏத்தியாச்சு. காலையில ஆறு மணிக்கு அடுத்த அறிக்கையைப் பார். இப்ப படு." இதில் பொய் எதுவும் இல்லை, பொய்யான தைரியமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீங்கள் எப்படி எடுத்துச் சொல்வீர்களோ அப்படி உங்களுக்கே சொல்கிறீர்கள். "உனக்குப் புத்தி இல்லை" என்று அந்த அக்காவிடம் சொல்ல மாட்டீர்கள், இல்லையா?

செய்தியே பார்க்காமல் இருந்துவிடலாமா?

தாழ்வான பகுதியில் இருப்பவர் அப்படிச் செய்யக் கூடாது. செய்தி உயிரைக் காக்கும். எதற்காகப் பார்க்கிறோம் என்பதைத்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கேள்வி மூன்று நான்குதான்: நாளைக்குப் பள்ளி உண்டா, வண்டியை ஏற்ற வேண்டுமா, கீழ்த்தளத்துப் பொருட்களை மேலே கொண்டுபோக வேண்டுமா, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமா. நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையத்தின் அறிக்கையும் மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலியும் இவற்றுக்குப் பதில் சொல்லப் போதும். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் இன்னும் இரண்டு தடவை கூட்டிக்கொள்ளுங்கள். பதில் கிடைத்ததும் அணைத்துவிடுங்கள். விவாத நிகழ்ச்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதிலிருந்து உங்கள் வண்டியைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காது.

வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியே வந்துவிடலாமா?

குடியிருப்போர் சங்கக் குழுவை விட்டு வராதீர்கள். பாம்பு வந்தால், மின்பெட்டியில் தண்ணீர் ஏறினால் முதலில் சொல்வது அந்தக் குழுதான். ஆனால் அதே குழுவில்தான் 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தி வந்தது. பண்ணையே அதை மறுத்தது. நாசாவே எச்சரித்துவிட்டது என்ற புரளியும் சுற்றியது. யார் என்றே தெரியாத ஒருவரின் பதற்றமான குரல் பதிவு எழுத்தைவிட ஆழமாக இறங்கும், அதனால் மழை நாட்களில் ஊர் பேர் தெரியாத குரல் பதிவுகளைத் திறக்காமல் விடுவதே நல்லது. மழைக் காலத்துக்கென்று தனியாக ஒரு குழு வைத்து, நம் தெருவில் கண்ணால் பார்த்ததை மட்டும் போடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நான் துபாயில் இருக்கிறேன். அம்மா அப்பா மடிப்பாக்கத்தில். மழை என்றால் இங்கே எனக்கு வேலையே ஓடாது.

மனசு மிகவும் வலிக்கும் நிலை இது. காரியம் செய்யும் வழி அடைபட்டிருப்பதால் பார்ப்பது ஒன்றையே கடமை போலச் செய்கிறீர்கள். லைவ் ஓடிக்கொண்டிருந்தால் பெற்றோரோடு இருப்பது போல ஒரு உணர்வு. நிறுத்தினால் அவர்களைக் கைவிட்டது போல ஒரு குற்ற உணர்வு. "நான் அங்கே இருந்திருக்கணும்" என்ற வாக்கியம்தான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வாக்கியத்துக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள். செப்டம்பரிலேயே பக்கத்து வீட்டில் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 இரண்டையும் பெற்றோர் போனில் பதிந்து கொடுங்கள். ஊரில் இருக்கும் நண்பன் ஒருவனிடம், தேவைப்பட்டால் இவர்களைக் கூட்டிப்போவாயா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மழை நாளில் குறித்த நேரத்தில் இரண்டு தடவை கூப்பிடுங்கள். "டிவில அப்படிக் காட்டுறான், இப்படிக் காட்டுறான்" என்று நீங்கள் அவர்களைப் பயமுறுத்தாமல், "அம்மா, சாப்பிட்டியா? கரண்ட் இருக்கா? தெருவுல தண்ணி எங்க வரைக்கும்?" என்று கேளுங்கள். அவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வது எந்த லைவைவிடவும் நம்பகமான செய்தி.

அப்பா நாள் முழுக்க நியூஸ் சேனல்தான். அணைக்கச் சொன்னால் கோபப்படுகிறார்.

அணைக்கச் சொன்னால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு தன்னிடம்தான் என்று 40 வருடம் இருந்தவர், இன்று செய்தி பார்ப்பதைத்தான் அந்தப் பொறுப்பாக நினைக்கிறார். அந்தப் பொறுப்பையே வேறு வடிவில் கொடுங்கள். "அப்பா, நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவை தினம் இந்த நோட்டுல எழுதி வைங்க. சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் எனக்கு நிலவரம் சொல்லுங்க." எழுதி வைப்பவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார், போன வருடத்தோடு ஒப்பிடுவார். அந்த வேலைக்கு நாள் முழுக்க டிவி தேவைப்படாது.

குழந்தைகளுக்கு என்ன சொல்வது?

சின்னக் குழந்தைக்கு ஒரே காட்சி பத்து முறை வந்தால் பத்து இடத்தில் நடப்பது போலத் தோன்றக்கூடும். ஆகவே அவர்கள் இருக்கும் அறையில் அந்தக் காட்சிகள் ஓட வேண்டாம். கேட்டால் மறைக்காமல், நம் வீட்டில் என்ன ஏற்பாடு என்று சொல்லுங்கள்: தண்ணீர் வந்தால் மாடி வீட்டுப் பாட்டி வீட்டுக்குப் போவோம், உன் பையில் இதெல்லாம் இருக்கு. பெரியவர்கள் வாய்விட்டுப் புலம்புவதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் தமக்குள் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடிகாலைச் சரி செய்யாமல் எங்கள் மனசைச் சரி செய்யச் சொல்வது நியாயமா?

நியாயமில்லை, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். ஏரியில் வீடு கட்ட அனுமதித்தது மனப்பிரச்சினை இல்லை. செம்பரம்பாக்கம் நீர்த் திறப்பை இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே குறை சொன்னது, 2018-இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைத் தணிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கோபம் எப்போது தேவைப்படுகிறது என்று பாருங்கள். கால்வாய் தூர்வாரும் வேலை நடக்க வேண்டியது கோடையில். ஏப்ரல், மே மாதங்களில் எந்த சேனலிலும் வெள்ளம் இருக்காது, நம் மனசிலும் இருக்காது. வார்டு கவுன்சிலரைப் பார்க்க, ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து பேச, மனுக் கொடுத்து ரசீது வாங்க ஆட்கள் தேவைப்படுவது அப்போதுதான். நவம்பர் முழுக்கப் பயத்தில் எரிந்து தீர்ந்தவர்கள் டிசம்பரில் "இந்த ஊர் உருப்படாது" என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம், பொறுப்பில் இருப்பவர்களுக்கு மிக வசதியானது. அதனால்தான் அதை உள்ளே வளரவிடக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மழையைப் பழையபடி சந்தோஷமாகப் பார்க்க முடியுமா?

பலருக்கு முடிந்திருக்கிறது, மெதுவாக. 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, குடத்தோடு நடுராத்திரியில் வரிசை நின்றோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அன்று "செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் உயர்வு" என்று ஒரு வரி வந்திருந்தால் தெருவே கும்பிட்டிருக்கும். ஏரி அதேதான், எண்ணும் அதேதான். வடகிழக்குப் பருவமழைதான் இந்த ஊருக்குக் குடிக்கக் கொடுக்கிறது. பயப்பட வேண்டிய மழை வருடத்தில் சில நாள்தான். மற்ற நாட்களின் மழையை அந்தச் சில நாட்களின் கணக்கில் எழுத வேண்டாம். தூறல் விழும் ஒரு சாதாரண சாயங்காலத்தில் டிவியை அணைத்துவிட்டு, ஒரு டீயோடு வாசலில் போய் உட்காருங்கள். உடம்பு அதையும் கற்றுக்கொள்ளும்.

ஜனவரி வந்துவிட்டது, வானம் வெளுத்துவிட்டது. இன்னும் தூக்கம் வரவில்லை, தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. இதற்கும் உள்ளுக்குள் பேசிக்கொண்டால் போதுமா?

போதாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, கெட்ட கனவு, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சுயமுயற்சியால் மட்டும் தீர்க்க வேண்டிய நிலை இல்லை. வெள்ளத்தில் மாட்டியவர்களுக்கு இப்படி வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒன்றுதான், சிகிச்சையும் இருக்கிறது. அரசின் டெலி மனஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் மருத்துவரிடம் சொல்லச் சுலபமாக இருக்கும்.